கட்டில் கீறுகிறவர்

முதலில் அந்தச் சத்தந்தான் வரும். கிளிக், கிளிக். போட்டோக்கொப்பி மெசினுக்கு முன்னால் குனிந்து நின்றபடி, யார் வந்தது என்று திரும்பிப் பார்க்காமலே, "வாங்கோ பிளான் அண்ணை" என்பேன். பேர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதில்லை. மன்னார் ரவுணில் வேறு யாரும் கூப்பிட்டதாகவும் தெரியவில்லை. பேர் எனக்குத் தெரியாமலில்லை. அவர் கீறிய பிளான் ஒவ்வொன்றின் மூலையிலும் அது கிடந்தது, கொப்பி எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. ஆனால் இப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் வந்து நிற்பாரோ என்று ஒரு பயம். கடை நடத்துகிற பெண், இந்தக் காலத்தில் இப்படிக் கதைக்கிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கட்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் கீறிக் கொடுப்பது அவருடைய தொழில். அனுமதிக்குப் பிரதேச சபைக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும், மேசன் கையில் ஒன்று இருக்கவேண்டும். யாராவது கீறித்தானே ஆகவேண்டும். கொம்பியூட்டரில் கீறுகிற பெடியன்கள் ரவுணுக்கு வந்த பிறகும், நானாட்டான் வயல்காரர், உப்புக்குளத்து வியாபாரிகள், இலுப்பைக்கடவையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடினார்கள். ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் பூட்டியிருப்பார். சிரிக்கத் தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். சிரிப்பார், ஆனால் பல் தெரியாது, சத்தமும் வராது. சட்டைப் பையில், கிளிக் என்று சத்தம் போடுகிற அந்தப் பென்சில்.

என் கடையிலும் கிளிக் பென்சில் தொங்கும். கலர் கலரான பிளாஸ்டிக் சாமான்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாளே "அன்ரி, லெட் இறங்குதில்லை" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவருடையது வேறு சாதி. முழுக்க உலோகம், கறுப்பு. விரல் வழுக்காமலிருக்கப் பிடிக்கிற இடத்தில் நுணுக்கமாய்க் கொத்தியிருக்கும். நுனியில் ஊசிபோல நீண்ட குழாய். அதற்குள்ளால் தலைமயிர் மொத்தத்தில் லெட் வரும். வீட்டுத்திட்ட வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இஞ்சினியர் ஒருவர் திரும்பிப் போகும்போது கொடுத்ததாம். அதற்குரிய லெட் மன்னாரில் எங்கே கிடைக்கும்? கொழும்பிலிருந்து நான்தான் எடுப்பித்துக் கொடுப்பேன். அவ்வளவு மெல்லிய கோடு மெசினுக்குத் தெரியாது. அவருடைய பிளானுக்கு மட்டும் மெசினின் கறுப்பைக் கூட்டி, இருட்டில் வைத்துத்தான் கொப்பி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பாதி வீடு காணாமல் போய்விடும்.

பேனை கேட்டால் கொடுப்பார். பென்சில் கேட்டால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். ஒருநாள் மாதா கோயில் பங்குச் சுவாமியே ஏதோ போன் நம்பர் குறிக்க, "அதை ஒருக்காத் தாருங்கோ" என்று கையை நீட்டினார்.

"சுவாமி, இது என்ர கைக்குப் பழகினது," என்று சொல்லிவிட்டு என் மேசையில் கிடந்த பேனையை எடுத்து நீட்டினார் இவர். சுவாமிக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மெசினைத் திறந்து, காகிதம் சிக்கியதுபோலப் பாசாங்கு செய்தேன்.

அரச அதிபரின் கச்சேரியில் வேலை செய்கிற ஒரு தம்பி, படம் கீறுவதில் கொஞ்சம் விருப்பமுள்ளவர், அந்தப் பென்சிலைக் கண்டு வாயூறிப்போய்க் கேட்டார்: "அண்ணை, உப்பிடி ஒண்டு வாங்கினால் பிரயோசனமோ?"

"நன்மை கேக்கிறீரோ, தீமை கேக்கிறீரோ?"

"ரெண்டையும் சொல்லுங்கோவன்."

அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்டது அன்றுதான். "தீட்டத் தேவையில்லை. காலமை என்ன மொத்தமோ பின்னேரமும் அதே மொத்தம். பாரம் இருக்கு, அதால நீர் அமத்தத் தேவையில்லை, அது தன்ரபாட்டில போகும். கை நோகாது. ஒழுங்காப் பாத்தால் உம்மட பிள்ளையும் பாவிக்கலாம். இது நன்மை."

"தீமை?"

"விழுந்தால் முடிஞ்சுது. நுனி வளைஞ்சால் இஞ்ச ஒருத்தராலும் நிமித்தேலாது. உப்புக்காத்துக்கு உள்ளுக்க ஸ்பிறிங் கறள் பிடிக்கும், கழட்டிக் கழட்டித் துடைக்கோணும். கோவக்காறர் பாவிக்கேலாது, அமத்தினவுடன லெட் முறியும். பைக்குள்ள வைச்சுக்கொண்டு குனிஞ்சால் குத்தும்." சட்டைப் பையை இழுத்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பாய்க் காய்ந்த ஒரு புள்ளி இருந்தது.

"அவ்வளவுதானே அண்ணை?"

"இல்லை. பெரிய தீமை ஒண்டிருக்கு. நன்மையெண்டு முதல் சொன்னன் பாரும், அதுதான். மற்றப் பென்சில் மழுங்கும். மழுங்கினால் எழும்பிப் போய்த் தீட்டோணும். தீட்டேக்க மனிசன் யோசிப்பான், இந்தக் கோடு தேவைதானோ எண்டு. இது யோசிக்க விடாது. நிக்காது. போய்க்கொண்டே இருக்கும்."

அந்தத் தம்பி சிரித்துவிட்டு ஒரு சாதாரணப் பென்சிலை வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்திலேயே ஊருக்குள் அவரைப்பற்றி ஒரு கதை ஓடத் தொடங்கியிருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். அறைக்குள் கட்டில் கீறுவார். மற்றவர்கள் சுவர், கதவு, யன்னல் என்று கீறிவிட்டு, அறை என்று எழுதிவிடுவார்கள். இவர் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கட்டில் போடுவார், அதற்குத் தலையணையும் போடுவார். வடக்கே தலை வராது. கேட்டால், "கட்டில் வராட்டி அது அறையோ? கதவு முழுசாத் திறக்குமோ, ஆள் சுத்தி வரலாமோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்பார். நியாயம்தான். கீறுவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருப்பார். தேத்தண்ணி குடிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள், இவர் தலையை ஆட்டுவார். பிறகு தான் எண்ணிய கணக்குக்குத்தான் கட்டில் போடுவார்.

நானாட்டானில் ஒரு வயல்காரர். கொப்பி எடுக்க வந்த இடத்தில் என் மேசையில் பிளானை விரித்துவைத்து விரலால் எண்ணினார். "ஒண்டு குறையுதே. அம்மான்ர கட்டில் எங்க?"

பிளான் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். "அம்மா எங்க படுப்பா?" என்று கேட்டார்.

"அவவோ? அவ எங்கயெண்டாலும் படுப்பா. விறாந்தையில ஒரு பாயைப் போட்டாலும் காணும்."

"அதுதான்."

வயல்காரருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. அந்த வீட்டுக்குக் கூரை போடுமுன்னமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தியேட்டி அழைப்பிதழ் அடிக்க அந்த மனிதர் என் கடைக்குத்தான் வந்தார். எழுத்தெல்லாம் சரி பார்த்துக் கொடுத்துவிட்டு, போகிற நேரம் மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, உந்த மனிசனுக்கு முதலே தெரியுமோ?"

உப்புக்குளத்து வியாபாரி ஒருவருக்கு நேர்மாறாக நடந்தது. அவரும் மனைவியும் கடைசி மகனுமாக மூன்று பேர். பிளானில் நான்கு கட்டில். அதற்குப் பக்கத்தில் கம்பி அடைத்த ஒரு குட்டிக் கட்டில் வேறு. "தங்கச்சி, இந்த மனுசனுக்குக் கண் மங்கிட்டுதோ? எனக்குப் பேரப்பிள்ளை தாற உத்தேசமோ?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கல்யாணம் கட்டிப் புத்தளத்தில் இருந்த மகள், கைக்குழந்தையோடும் ஒரு பெட்டியோடும் வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு நிறம் பூசிக்கூட முடிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் வந்தாலும் பிளான் அண்ணை நின்றால் உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று "பிறகு வாறன்" என்று போய்விடுவார்.

ஊர் வாய்க்கு உலைமூடி போடலாமா? அந்த ஆள் கட்டில் போடாவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. கட்டில் இல்லாமல் கீறித் தரச் சொல்லிச் சிலர் கெஞ்சினார்கள். "கட்டில் போடாட்டி அது வீடில்லை, கடை," என்று முகத்திலடித்ததுபோலச் சொன்னார். எத்தனையோ வருசம் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு பெண், என் கடையிலேயே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சின்னக் கட்டில், அண்ணை. ஒரு மூலையில. ஆருக்கும் சொல்லமாட்டன்," என்று அழுதாள். எனக்கும் பிள்ளையில்லை.

"நான் சோதிடம் பாக்கிறேல்லை, பிள்ளை," என்றார். "பாத்ததைத்தான் கீறுறன்."

அவள் போன பிறகு நான் ஏசினேன். "உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ? ஒரு சொட்டுக் கோடு. கீறினால் உங்கட பென்சில் தேய்ஞ்சிடுமோ?"

"தேயாது, தங்கச்சி. அதுதான் பயம்," என்றார்.

வெளியே நல்ல மழை. போகமுடியாமல் ஒதுங்கி நின்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "உங்கட வீட்டை நீங்கள்தானே கீறியிருப்பியள்?"

"ஓம். யுத்தத்துக்கு முதல். சாதாரணப் பென்சில்தான். மனிசி நாலு கட்டில் எண்டா, நாலு கீறினன்." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் முடிஞ்சு நான் தனியத் திரும்பி வந்து, நாலிலயும் மாறி மாறிப் படுத்துப் பாத்தன். பிறகு வீட்டை வித்துப்போட்டன். அதுக்குப் பிறகு ஆக்கள் வாயால சொல்லுற கணக்கை நான் கீறுறேல்லை."

மழை விட்டதும் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாவம் மனிதர் என்று நினைத்தேன். பாவம்தான். ஆனாலும் அவர் வாசலில் வந்து நிற்கும்போது, வந்திருக்கிற சனங்களை அவர் எண்ணுகிறாரோ என்று என் கண் அவருடைய கண்ணைத்தான் பார்க்கும்.

பென்சில் விழுந்ததும் என் கடையில்தான். மன்னார்க் கழுதைகளைப்பற்றிச் சொல்லவா வேண்டும்? ரோட்டு அவைக்குத்தான் சொந்தம். பிழையாய் விழுந்த கொப்பிகளை நான் வாசலில் ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பேன், அவை வந்து தின்னும். அன்று பெட்டி காலி. ஒரு கழுதை துணிந்து கழுத்தை உள்ளே நீட்டி, மேசையோரம் ஏதோ அளவு திருத்திக்கொண்டு நின்ற பிளான் அண்ணையின் முழங்கையை மணந்து பார்த்தது. அவர் திடுக்கிட்டுக் கையை உதற, பென்சில் சீமெந்து நிலத்தில் தலைகீழாய் விழுந்தது. அந்தச் சத்தம் ஒன்றும் பெரிதில்லை. அவருடைய முகம்தான் பெரிது. செத்த வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஊசி நுனி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். என்னுடைய கத்தரிக்கோல் முனையால் மெல்ல மெல்ல நிமிர்த்தினார். முழுக்க நிமிரவில்லை. கீறிப் பார்த்துவிட்டு, "கீறுது," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கீறிய முதல் வீடு என்னுடையது.

வேறு ஆளிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனிசனும் அதைத்தான் கேட்டார். எனக்கு ரோசம். அவ்வளவு காலம் என் கடையில் வந்து நின்ற மனிதரை விட்டுவிட்டு, ஊர்க்கதைக்குப் பயந்து இன்னொருவரிடம் போவதா? அதோடு, எங்கள் வீட்டில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? நான், என் மனிசன், என் தம்பி. தம்பி என்று சொல்கிறேனே தவிர அவன் என் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்குப் பால்பல்லே விழுந்திருக்கவில்லை. சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி, நற்கருணை வாங்கவைத்து, எல்லாம் நான்தான். கல்யாணம் பேசி வந்தபோதும், "இவனும் என்னோடதான் வருவான், ஓமெண்டால் வாங்கோ," என்றுதான் சொன்னேன். தாழ்வுபாட்டுப் பக்கம் கடலோடு அண்டிய ஒரு துண்டுக் காணி வாங்கினதும் அவனுக்காகத்தான். தாழ்வுபாட்டில்தான் அவன் கடல்தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான், வேறொருவருடைய போட்டில்.

பிளான் அண்ணை வந்தார். மீன்குழம்போடு சாப்பிட்டார். தம்பியோடு காணிக்குப் போய்க் கயிறு பிடித்து அளந்தார். அடுத்த கிழமை பிளானைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். விரித்தேன். முன்னறை, குசினி, எங்களுடைய அறை. அதற்குள் இரண்டு கட்டில், இரண்டு தலையணை. பக்கத்து அறைக்குள் ஒன்றுமில்லை. ஸ்ரோர் என்று எழுதியிருந்தது. சுவரின் மேல்மட்டத்தில் என்று குறித்து, காற்றுப் போக ஒரு சின்ன யன்னல்.

"அண்ணை, தம்பின்ர அறை எங்க?"

அவர் பென்சிலை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நான் உங்களிட்ட ஸ்ரோர் கேட்டனானோ? கடையில கிடக்கிற சாமானுக்கு ஸ்ரோர் கட்டுறனோ நான்? என்ர பிள்ளை எங்க படுக்கிறது?"

"பெடியன் ஒண்டும் கேக்கேல்லை, தங்கச்சி."

"என்ன கேக்கேல்லை?"

"காணியில வைச்சு, இதில உம்மட அறை வரும் எண்டு காட்டினனான். இருக்கப்போற ஆக்கள் எல்லாரும் ஒண்டு கேப்பினம். யன்னல் எந்தப் பக்கம் எண்டு கேப்பினம். சின்னப் பிள்ளையளும் கேக்கும். உவன் கேக்கேல்லை. கடலைப் பாத்துக்கொண்டு நிண்டவன்."

யேசுவே! அப்போதுதான் எல்லாம் ஒன்றாய் வந்து என் தலையில் விழுந்தது. டீசல் இல்லாமல் போட்டெல்லாம் கரையில் கிடந்த காலம் அது. கடலால் வெளிநாடு போன பெடியன்களின் கதைகள் வீட்டுக்கு வீடு. சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாதவன், கொஞ்ச நாளாய்த் தன் உடுப்பைத் தானே தோய்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். நான் எவ்வளவு பெரிய மடைச்சி, பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

"கட்டிலைக் கீறுங்கோ," என்றேன்.

"அப்பிடிக் கீறேலாது. ஸ்ரோரை அறையாக்கிறதெண்டால் முழுசா அழிச்சுக் கீறோணும். சுவர் மாறும், மற்றதும் மாறும். ஒரு கிழமை தாரும், வடிவாச் செய்து தாறன்."

"ஒரு கிழமையுமில்லை, ஒரு மண்ணுமில்லை! இப்ப, என்ர கண்ணுக்கு முன்னால, அதுக்குள்ள ஒரு கட்டிலைக் கீறுங்கோ!"

அவர் அசையவில்லை. நான் அவருடைய கையிலிருந்து பென்சிலைப் பறித்தேன். சுவாமிக்கே கொடுக்காத பென்சில். என்ன பாரம் அது! காகிதத்தில் வைத்து அமத்தினேன், லெட் முறிந்தது. மறுபடி கிளிக் என்று தள்ளி அமத்தினேன், மறுபடி முறிந்தது. ஒரு கோடு விழவில்லை, காகிதத்தில் ஓட்டைதான் விழுந்தது. கோபக்காரருக்குச் சரிவராது என்று அவர் முன்னமே சொன்னதுதானே. நான் அழத் தொடங்கினேன். வெளியே பஸ்சுக்கு நின்ற சனம் எட்டிப் பார்த்தது.

அவர் மெல்ல என் விரல்களை விலக்கிப் பென்சிலை வாங்கினார். கிளிக், கிளிக். அந்த ஸ்ரோருக்குள், சுவரோடு ஒட்டி ஒரு கட்டில் கீறினார். தலையணையும் போட்டார். பிறகு பென்சில் நுனியைச் சுவரின் மேல் கீறியிருந்த அந்தச் சின்ன யன்னலுக்குக் கொண்டுபோய், தொடாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது..."

"வேற ஒண்டும் வேண்டாம்! கட்டில் வந்திட்டுது, காணும்."

லெட்டை மேசையில் வைத்து உள்ளே தள்ளிவிட்டுப் பென்சிலைப் பையில் போட்டார். நான் மெசினை முழு இருட்டில் வைத்துக் கொப்பி எடுத்தேன். கட்டில் கறுப்பாய், நன்றாய் விழுந்தது. சாதாரணப் பென்சிலென்றால், மனமில்லாமல் கீறிய கோடு எங்காவது மங்கியோ தடித்தோ காட்டிக்கொடுத்திருக்கும். அந்தச் சனியன் பிடித்த பென்சிலில் எல்லாக் கோடும் ஒரே மொத்தம். அவர் கண்டு கீறியது எது, நான் அழுது கீறுவித்தது எது என்று பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு போய்த் தம்பியின் முன்னால் நின்றேன். "எப்ப போறாய்?" என்றுதான் கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. போட் பேசியாயிற்று, நாளும் பார்த்தாயிற்று. நான் அவனுடைய கால் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வீடு முடியுமட்டும் நில்லடா, ராசா. கூரையைப் போட்டுப்போட்டுப் போ," என்று கதறினேன். நான் பிடித்துக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தபடி, "சரி அக்கா, எழும்புங்கோ. கூரை போடுமட்டும் நிக்கிறன்," என்றான்.

அந்தப் போட் அவனில்லாமல் போனது. பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. போன பெடியன்கள் இப்போது அவனுக்குப் போனில் படம் அனுப்புகிறார்கள்.

தம்பி சும்மா இருக்கமாட்டாமல் மேசனோடு கூடமாட வேலைக்கு நின்றான். கல் சுமந்தான், சாந்து குழைத்தான். வேலை பழகப் பழக முகமும் தெளிந்தது, பாட்டும் வந்தது. போகமாட்டான் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கூரைக்கு மரம் ஏற்றிய அன்று, அந்த ஸ்ரோர் அறைச் சுவரின்மேல்தான் நின்றிருக்கிறான். கடல் பக்கத்துக் காற்று. மேசன் "பிடி" என்று கத்தியது கேட்டதாம், திரும்பிப் பார்க்கையில் சுவரில் ஆள் இல்லையாம். கீழே கல்லுக் குவியல். இங்கிருந்த ஆஸ்பத்திரி, பிறகு பெரியாஸ்பத்திரி, பிறகு அதைவிடப் பெரியாஸ்பத்திரி. எல்லா இடத்திலும் சொன்னது ஒன்றுதான். இடுப்புக்குக் கீழே இனி அசைவு இல்லை. நான் கட்டிப் பிடித்திருந்த அந்தக் கால்கள்.

வீட்டைக் கட்டி முடித்தோம். முடிக்கத்தானே வேண்டும், அவனைக் கிடத்த ஓர் இடம் வேண்டாமா? கட்டிலை எங்கெங்கோ போட்டுப் பார்த்தோம். கதவு திறக்கவும் நான் சுற்றிவரவும் ஒரேயொரு இடம்தான் சரிவந்தது, பிளானில் கிடந்த இடம்.

சுவாமி வந்து வீடு மந்திரித்தார். சனமெல்லாம் போன பிறகு பிளான் அண்ணை வந்தார். தம்பியின் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கட்டிலைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி யன்னலைப் பார்த்தார். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது, தொட்டது, திரும்பி வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். தம்பிதான், "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றான். அவர் தம்பியின் தலையில் கையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பித்த லெட் டப்பா அப்படியே கிடந்தது. பிளான் கீறுவதை விட்டுவிட்டாராம், செட்டிகுளத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் இருக்கிறாராம் என்றார்கள். பிறகு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. நல்ல மனிதர்தான், யாரும் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். உள்ளதைக் கண்டார், கண்டதைக் கீறினார். ஒரேயொரு தரம் காணாததைக் கீறினார், அதுவும் நான் அழுததற்காக. அவரைத் திட்டிக்கொண்டு படுப்பேன், அவருக்காக ஒரு செபமாலை சொல்லிக்கொண்டு எழும்புவேன். இரண்டும் ஒரே வாய்தான்.

போன கிழமை, மத்தியானச் சாப்பாட்டைத் தீத்திவிட்டு வாயைத் துடைக்கும்போது, தம்பி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஸ்ரோருக்கு வைத்த யன்னல். அதற்குள்ளால் ஒரு சாண் வானம் தெரியும், வேறொன்றும் தெரியாது.

"அக்கா, உந்த யன்னலை ஏன் இவ்வளவு உயரத்தில வைச்சனீங்கள்? கடல் சத்தம் மட்டுந்தான் கேக்குது. கொஞ்சம் கீழ வைச்சிருக்கலாம்."

கோப்பையை நிலத்தில் வைத்தேன். இருக்கப்போகிற ஆட்கள் எல்லாரும் கேட்பார்கள் என்று அந்த மனிதர் சொன்னாரே, அதைத்தான் என் தம்பி கேட்டுவிட்டான். இனி அவன் எங்கேயும் போகமாட்டான். இதைத்தானே நான் கால் பிடித்துக் கேட்டேன்?

"எவ்வளவு கீழ வேணும், ராசா?"

அவன் கையை நீட்டி, தலையணைக்குச் சரியாகச் சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலைத் தூக்கியதும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பென்சில் தேடப் போகாமல், என் கொண்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, அவன் காட்டிய இடத்தில் சாந்து உதிர உதிரக் கீறினேன்.